லினக்ஸ் மின்ட்டில் யுஎஸ்பி வைஃபை டாங்கிள்: டிரைவர் தேடும் முன் சிப்பைப் பாருங்கள்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கினாலும் சரி, தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கினாலும் சரி, அட்டைப்பெட்டியில் இருக்கும் பெயரை வைத்து டிரைவர் தேடாதீர்கள். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் என்ற ஒரே பெயரில், முதல் வெர்ஷனில் ஏதெரோஸ் சிப் இருக்கும், இரண்டாவதில் ரியல்டெக். முன்னது செருகியதுமே வேலை செய்யும். பின்னதுதான் படுத்தும்.

(கட்டளைகளை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.)

1. ஐடி. டாங்கிளைச் செருகி 'எல்எஸ்யுஎஸ்பி' அடியுங்கள். 2357:0120 என்பது போல ஓர் எண் வரும். அது ஆர்ச்சர் டி2யு பிளஸ். உள்ளே இருப்பது ரியல்டெக் 8821ஏயு. கூகுளில் தேட வேண்டியது இந்த எண்ணைத்தான்.

0பிடிஏ:1ஏ2பி என்று வந்தால் டாங்கிள் இன்னும் வைஃபையாக மாறவில்லை, விண்டோஸ் டிரைவர் வைத்திருக்கும் சிடி போல நடித்துக்கொண்டிருக்கிறது. ஃபைல் மேனேஜரில் அந்த சிடியை எஜெக்ட் செய்துவிட்டு மறுபடி எல்எஸ்யுஎஸ்பி பாருங்கள். எண் மாறியிருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. மாறாவிட்டால் அதை மாற்றிக் கொடுக்கும் 'யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச்' பேக்கேஜ் வேண்டும்.

2. நெட். ஆண்ட்ராய்டு போனை டேட்டா கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது. அடுத்த படியில் 100 எம்பிக்கு மேல் இறங்கும்; அஞ்செட்டி, பென்னாகரம் மலைப் பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் என்றால், சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு சிபியுவைத் தூக்கிப்போய்ச் செய்வதே மேல்.

3. கெர்னல். லினக்ஸின் மையப் பகுதி இது, பெரும்பாலான டிரைவர்கள் இதோடுதான் வரும். 'யுநேம் -ஆர்' அடித்தால் கெர்னல் எண் தெரியும். மின்ட் 22, 22.1 இரண்டிலும் வந்தது 6.8. ரியல்டெக் 8812ஏயு, 8821ஏயு இரண்டுக்கும் 6.14 கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. அப்டேட் மேனேஜர், வியூ, லினக்ஸ் கெர்னல்ஸ் என்று போய் 6.14 அல்லது அதற்குப் பிந்தையதை இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். பலருக்கு வேலை இதோடு முடிந்தது. கிட்ஹப்பில் மூல நிரலை இறக்கி கம்பைல் செய்யச் (அதிலிருந்து டிரைவரை உருவாக்கச்) சொல்லும் பழைய வீடியோக்களை மறந்துவிடுங்கள்.

4. வேறு வழியே இல்லை என்றால் டிகேஎம்எஸ். டிரைவரை நம் கணினியிலேயே கம்பைல் செய்து, கெர்னல் மாறும்போதெல்லாம் மறுபடி உருவாக்கித் தரும் கருவி. கெர்னலில் டிரைவர் இல்லாத சிப்களுக்கு மட்டும் இது. டிகேஎம்எஸ், பில்ட்-எசென்ஷியல், ஓடும் கெர்னலுக்கான ஹெட்டர்ஸ் மூன்றும் முதலில் வேண்டும். ஹெட்டர்ஸை விட்டால் டிரைவர் மாட்யூல் உருவாகாது.

எல்லோரும் வழுக்குவது செக்யூர் பூட்டில். நம்பகமான கையொப்பம் இல்லாத டிரைவரை ஏற்றவிடாத பாதுகாப்பு அது. கெர்னலோடு வரும் டிரைவரில் கையொப்பம் ஏற்கெனவே இருக்கும். நாமே கம்பைல் செய்ததற்கு நம் கணினியின் சாவிதான் கையொப்பம். அந்தச் சாவியை, பூட் ஆகும்போது நம்பும் சாவிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதற்காகத்தான் இன்ஸ்டாலின் நடுவே ஒரு பாஸ்வேர்டு கேட்கிறது. குறித்து வையுங்கள். ரீஸ்டார்ட் ஆகும்போது நீலத்திரை வரும். பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்தாவிட்டால் அது பாட்டுக்கு பூட் ஆகிவிடும், மறுமுறை கேட்காது. அழுத்தியதும் என்ரோல் எம்ஓகே (நம் சாவியைச் சேர்ப்பது), கன்டினியூ, யெஸ், பிறகு அந்த பாஸ்வேர்டு (அடிக்கும்போது எழுத்து தெரியாது), கடைசியில் ரீபூட்.

தவறவிட்டால், டிரைவரை ஏற்றும்போது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வரும். ரீ-இன்ஸ்டால் தேவையில்லை. 'சூடோ மோக்யுட்டில் --இம்போர்ட் /வார்/லிப்/ஷிம்-சைன்ட்/மோக்/எம்ஓகே.டெர்' அடித்து, புதிய பாஸ்வேர்டு கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் நீலத்திரை திரும்ப வரும். செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்பவர்களும் உண்டு. வேலை நடக்கும்தான், ஆனால் விண்டோஸும் அதே கணினியில் இருந்தால், அதன் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் ரெக்கவரி கீ கேட்டு நிற்கக்கூடும்.

பின்சேர்க்கை: கம்பைல் ஓடும்போது கரண்ட் போனால், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் பேக்கேஜ் அரைகுறையாக நிற்கும். 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். முன்பே டிகேஎம்எஸ் டிரைவர் போட்டவர்கள் 6.14-க்குப் போனால் பழையதை நீக்கிவிடுங்கள். ஒரே டாங்கிளுக்கு இரண்டு டிரைவர் போட்டி போட்டால் இணைப்பு விட்டுவிட்டு வரும். டிரைவர் சரியாக இருந்தும் வேகம் இல்லையா? 2.4 கிகாஹெர்ட்ஸில் நீல யுஎஸ்பி 3 போர்ட்டின் இரைச்சல் குறுக்கிடும். ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிளில் டாங்கிளைத் தள்ளி வைத்துப் பாருங்கள்.