வறட்டி தட்டாதீர்கள்: வார்ப்பிரும்புச் சட்டியில் சாறு வழியும் ஹாம்பர்கர்

என் முதல் பர்கரைக் கடித்த நண்பன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. வாயில் இருந்ததை மென்று முடித்தால்தானே பேச முடியும்? கடைசியில் தண்ணீர் குடித்து இறக்கிவிட்டு, "எங்க ஊர்ல இதைச் சுவத்துல அடிச்சுக் காயவைப்பாங்கடா" என்றான். வறட்டியைச் சொன்னான். கோபம் வந்தது. ஆனால் தட்டில் கிடந்ததைப் பார்த்தபோது அவன் சொன்னதில் தப்பும் தெரியவில்லை.

நான் இருப்பது நியூ ஜெர்சியில் ஓர் அடுக்குமாடி வீடு. இந்த ஊர்க்காரர்கள் கோடை முழுக்கக் கொல்லைப்புறத்தில் கிரில் வைத்துப் பர்கர் சுடுகிறார்கள். எங்கள் பால்கனியில் கரி அடுப்பு, கேஸ் கிரில் இரண்டுக்கும் தடை, வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஆக, சமையலறை அடுப்பும் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியும்தான் கதி. அது ஒரு குறையே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கிரில்லில் உருகும் கொழுப்பெல்லாம் நெருப்பில் சொட்டி வீணாகிறது. சட்டியில் கறி தன் கொழுப்பிலேயே பொரிகிறது.

ஒரு விடுமுறையில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவனுக்குப் போயிருந்தேன். அங்கே லூயிஸ் லஞ்ச் என்று சின்னதாக ஒரு கடை. ஹாம்பர்கர் 1900-இல் தங்கள் கடையில்தான் பிறந்தது என்பார்கள். டெக்சாஸ்காரர்களும் விஸ்கான்சின்காரர்களும் வேறு கதை வைத்திருக்கிறார்கள், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். பழைய வார்ப்பிரும்பு அடுப்புகளில் கறியைச் செங்குத்தாக நிறுத்திச் சுட்டு, டோஸ்ட் செய்த ரொட்டிக்கு நடுவில் வைத்துத் தருகிறார்கள். கெட்சப் கேட்டால் கிடைக்காது. அதைச் சாப்பிடும்போதுதான் எனக்கு உறைத்தது: கறியில் மசாலா என்று எதுவுமே இல்லை. நானோ வீட்டில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், முட்டை, ரொட்டித் தூள் என்று போட்டுக் கட்லெட் பண்ணிக்கொண்டிருந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம். கீழே உள்ள அளவு மூன்று பர்கருக்கு.

1. கறி

மாட்டின் தோள்பகுதிக் கொத்துக்கறி ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம். கடையில் 'கிரவுண்ட் சக்' என்று இருக்கும். பொட்டலத்தின் மேல் 80/20 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். 80 பங்கு கறி, 20 பங்கு கொழுப்பு. டாக்டர் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசிய வாரத்தில் நான் 93/7 வாங்கினேன். அந்த வறட்டியில் பாதிப் பழி அதற்குத்தான். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் பர்கரை மாதம் ஒரு தடவை சாப்பிடுங்கள், சாப்பிடும் அன்றைக்கு 80/20 வாங்குங்கள்.

கறி கடைசி நிமிஷம் வரை குளிர்சாதனப் பெட்டியிலேயே இருக்கட்டும். கொழுப்பு குளிர்ந்து கெட்டியாக இருந்தால்தான் கையில் உருகாமல் சட்டியில் உருகும்.

2. தட்டுவது (நான் விழுந்த இடம்)

அம்மாவுக்கு வீடியோ காலில் வறட்டிக் கதையைச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "கோலா உருண்டைக்கு மாதிரி உப்புப் போட்டு நல்லா பிசைஞ்சியாடா?" ஆமாம் அம்மா, நன்றாகத்தான் பிசைந்தேன். அதுதான் பிரச்சினையே.

நம் கைக்குப் பழக்கமானது பிசைவது. சப்பாத்தி மாவு, வடை மாவு, கோலா எதுவானாலும் உப்பைப் போட்டு அழுத்திப் பிசைந்தால்தான் நமக்கு வேலை செய்த திருப்தி வரும். கோலாவுக்கு அது சரி, உருண்டை எண்ணெயில் உடையக் கூடாது. பர்கருக்கு அது விஷம். உப்பு கறியில் இருக்கும் மயோசின் என்ற புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. பிசையப் பிசைய அது பசை மாதிரி ஒட்டிக்கொண்டு, சூடு பட்டதும் இறுகிவிடுகிறது. சாசேஜ் செய்பவர்கள் இதைத் தெரிந்தே செய்கிறார்கள், அதனால்தான் சாசேஜைக் கடித்தால் ரப்பர் போலத் துள்ளுகிறது. பர்கரில் நமக்கு வேண்டியது உதிர்ந்து கரையும் கறி. துணுக்குகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால்தான் உருகிய கொழுப்பும் சாறும் தங்க இடம் கிடைக்கும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். கறியைப் பொட்டலத்திலிருந்து எடுத்துத் தராசில் 150 கிராம் வீதம் மூன்றாகப் பிரியுங்கள். கண் அளவு வேண்டாம், ஒன்று வெந்து இன்னொன்று வேகாமல் நிற்கும். ஒவ்வொரு பங்கையும் உருண்டை பிடிக்காமல், குவியலாகவே பட்டர் பேப்பரில் வைத்து, ஓரத்தைச் சேர்த்துச் சேர்த்து வட்டமாக்குங்கள். பன்னைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் இருந்தால் போதும். ஓரத்தில் சின்ன வெடிப்புகள் தெரிந்தால் தெரியட்டும். எனக்கு அதைப் பார்த்தாலே கை பரபரக்கும், வழவழவென்று தடவிவிடத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். கறி கையில் இருக்கும் நேரம் ஒரு பர்கருக்கு அரை நிமிஷத்தைத் தாண்டக் கூடாது.

நடுவில் கட்டைவிரலால் லேசாக ஒரு குழி போடுங்கள். சூட்டில் ஓரம் சுருங்கும்போது நடுப்பகுதி பந்து மாதிரி உப்பும். குழி இருந்தால் வெந்தபிறகு தட்டையாக நிற்கும். உப்பிய பர்கரைக் கரண்டியால் அமுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும், அமுக்கினால் சாறு போச்சு.

உப்பு? இப்போது வேண்டாம். சட்டியில் போடும்போதுதான், அதுவும் உள்ளே கலக்காமல் வெளிப்பரப்பில் மட்டும்.

3. சட்டி

நான் வைத்திருப்பது லாட்ஜ் கம்பெனியின் பத்தேகால் அங்குலச் சட்டி. டென்னசி மாநிலத்தில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896 முதல் வார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எடை கிட்டத்தட்ட இரண்டரை கிலோ. விலை உயர்ந்த எனாமல் பூசிய சட்டிகள் பார்க்க அழகு, இந்த வேலைக்கு அவை எனக்குப் பிடிப்பதில்லை. நான்-ஸ்டிக் வேண்டவே வேண்டாம், இவ்வளவு சூட்டில் அந்தப் பூச்சு கெட்டுவிடும்.

தோசைக்கல்லைப் பழக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதைப் பழக்குவது எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் தடவிக் காயவைப்பது, திரும்பத் திரும்ப, அவ்வளவுதான்.

4. சூடு

வார்ப்பிரும்பு சோம்பேறி உலோகம். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சூட்டைக் கடத்தும் வேகம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். தீ படும் இடம் கொதிக்கும், ஓரம் ஆறியே கிடக்கும். ஆனால் ஒருமுறை சூடேறிவிட்டால் குளிர்ந்த கறியைப் போட்டாலும் அசராது. அதனால் நடுத்தரத் தீயில் கேஸ் என்றால் ஐந்தாறு நிமிஷம், மின்னடுப்பு என்றால் எட்டு நிமிஷம் போல வெறும் சட்டியைக் காயவிடுங்கள். இடையில் ஒருமுறை சட்டியைத் திருப்பி வையுங்கள். அவசரப்பட்டுத் தீயை முழுசாக வைக்காதீர்கள். நான் வைத்தேன். புகை எச்சரிக்கை மணி அலறி, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

தோசைக்கு நாம் தண்ணீர் தெளித்துப் பார்ப்போமே, அதே சோதனைதான், அளவு மட்டும் வேறு. தண்ணீர் 'சுர்' என்று ஆவியானால் இன்னும் பத்தாது. துளிகள் பாதரசம் மாதிரி முத்து முத்தாகச் சட்டியில் ஓடினால் தயார். துப்பாக்கி போலிருக்கும் லேசர் வெப்பமானி விற்கிறார்கள். வாங்கினேன், இப்போது என் மகன் அதை வைத்துப் பூனையின் சூட்டை அளக்கிறான்.

எண்ணெய் அரை டீஸ்பூன் போதும், கனோலாவோ அவகாடோ எண்ணெயோ. நல்லெண்ணெய் இந்தச் சூட்டில் புகைந்து கசக்கும். ஜன்னலைத் திறந்து காற்றுவிசிறியையும் போடுங்கள். அடுக்குமாடி வீடுகளில் அடுப்புக்கு மேலே இருக்கும் விசிறி பல சமயம் புகையை வெளியே தள்ளாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிவிடும். மணியின் பேட்டரியைக் கழற்றுவது மட்டும் கூடாது.

5. வேகவைப்பது

மேல்புறம் கல்லுப்புத் தூள் கால் டீஸ்பூன், மிளகு கொஞ்சம். உப்புப் போட்ட பக்கம் சட்டியில் படும்படி கவிழ்த்துப் போட்டு, இப்போது மேலே வந்த பக்கத்துக்கும் அதே அளவு. அப்புறம் மூன்று நிமிஷம் தொடாதீர்கள். கறி ஒட்டிக்கொண்டதே என்று பயந்து சுரண்டுவதுதான் முதல் தடவை செய்பவர்கள் பண்ணும் தப்பு. மேல்ஓடு நன்றாகச் சிவந்ததும் கறி தானாகவே சட்டியை விட்டுவிடும். விடவில்லை என்றால் இன்னும் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். இந்தச் சிவப்பில்தான் ருசி முழுக்க இருக்கிறது. புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேரும் இந்த வினையை 1912-இல் விவரித்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள்.

திருப்பிப் போட மெல்லிய விளிம்புள்ள எஃகுத் தோசைத் திருப்பிதான் சரி. பிளாஸ்டிக், சிலிகான் திருப்பிகள் மேல்ஓட்டைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வரும். மறுபக்கம் மூன்று நிமிஷம். கடைசி ஒரு நிமிஷம் இருக்கும்போது சீஸ் வைத்து மூடுங்கள். அமெரிக்கன் சீஸைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். ஆனால் எண்ணெய் பிரியாமல் உருகுவதற்கென்றே அதில் உப்புகள் சேர்க்கிறார்கள். பழைய செடார் சீஸ் பிரிந்து எண்ணெயாக வழியும்.

வெந்துவிட்டதா என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நல்ல டிஜிட்டல் வெப்பமானியைப் பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதிவரை குத்துங்கள். 160 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 71 செல்சியஸ். இது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. ஸ்டேக் (கொத்தாத முழுத்துண்டுக் கறி) என்றால் கிருமி வெளிப்புறத்தில் மட்டும் இருக்கும், உள்ளே சிவப்பாக இருந்தாலும் பெரிய கவலையில்லை. கொத்தும்போது வெளியே இருந்தது எல்லா இடத்துக்கும் போய்விடுகிறது. 1993-இல் இந்த நாட்டின் மேற்கு மாநிலங்களில் சரியாக வேகாத பர்கரிலிருந்து ஈ-கோலி என்ற கிருமி பரவி 700 பேருக்கு மேல் படுத்தார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். உள்ளே ரோஸ் நிறமாக இருந்தால்தான் சாறு இருக்கும் என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. பிசையாத 80/20 கறி 71-லும் தாடையில் வழிகிறது.

6. பன்

கறியைத் தட்டில் எடுத்து இரண்டு நிமிஷம் விடுங்கள். அதற்குள் பன்னை வெட்டி, உள்பக்கம் வெண்ணெய் தடவி, அதே சட்டியில் கவிழ்த்துச் சிவக்கவிடுங்கள். இந்தப் பொரிந்த மேல்ஓடு இருந்தால்தான் சாறு பட்டு அடிப்பன் கூழாகாது. நான் வாங்குவது மாவிலேயே உருளைக்கிழங்கு சேர்த்த பன், மெத்தென்று இருக்கும். கெட்டியான பிரெஞ்சு ரொட்டி வகைகள் கடிக்கும்போது கறியைப் பின்பக்கமாகப் பிதுக்கித் தள்ளும்.

கீழே லெட்டூஸ், மேலே கறி, மெல்லிய வட்டமாக வெங்காயம். தக்காளி கோடையில் மட்டும். ஜனவரியில் இங்கே கிடைப்பது தக்காளி நிறத்தில் ஒரு தண்ணீர்.

7. கழுவுவது

சட்டி சூடாக இருக்கும்போதே வெந்நீரும் பிரஷ்ஷும். கொஞ்சம் சோப்பு போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஊறப்போடுவதுதான் கூடாது. அடுப்பில் வைத்து ஈரத்தைக் காயவிட்டு, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து வையுங்கள்.

பின்சேர்க்கை

படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காகச் சில.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஆட்டுக் கொத்துக்கறியில் இதை அப்படியே செய்யலாம், வேக்காடும் அதே 71 தான். கோழியும் வான்கோழியும் என்றால் 74 செல்சியஸ் வரை போக வேண்டும். கொழுப்பு குறைவு என்பதால் எவ்வளவு கவனமாகச் செய்தாலும் கொஞ்சம் வறண்டுதான் வரும், தொடைக்கறியாகக் கொத்தித் தரச் சொல்லுங்கள்.

"ஸ்மாஷ் பர்கர் செய்பவர்கள் அமுக்குகிறார்களே?" என்று இரண்டு பேர் மடக்கினார்கள். நியாயம். அவர்கள் சட்டியில் போட்ட முதல் அரை நிமிஷத்துக்குள் அமுக்கிவிடுகிறார்கள், அப்போது கொழுப்பு இன்னும் உருகியிருக்காது, இழக்கவும் ஒன்றுமில்லை. நான்காவது நிமிஷத்தில் அமுக்குவதுதான் தப்பு.

கடைசியாக ஒரு சகோதரி, ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புத் தோசைக்கல்லில் செய்து பார்த்தாராம். கறி அருமை, ஆனால் கொழுப்பு ஓரத்தில் வழிந்து அடுப்பில் தீப்பிடித்துக்கொண்டது. இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஒரு பவுண்டு 80/20 கறியிலிருந்து மூன்று நான்கு மேசைக்கரண்டிக் கொழுப்பு சட்டியில் இறங்கும். விளிம்பில்லாத கல்லில் அது போக வேறு இடம் கிடையாது. கல்லில்தான் செய்வேன் என்றால் ஒரு தடவைக்கு ஒரு பர்கர், அதுவும் நடுவில் குழிந்த கல்லாக இருந்தால் மட்டும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு, கல்லைவிடப் பெரிய தட்டையான மூடி ஒன்றைத் தயாராகப் பக்கத்தில் வைத்திருந்து மூடிவிடுங்கள். அவர் வீட்டில் அன்றைக்கு இட்லிக் கொப்பரை மூடி உதவியிருக்கிறது.