வேலை, திறன்: கணக்குப் போடும் முறை

எந்த விசை செய்த வேலையைக் கேட்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பாதி மதிப்பெண் போவது இங்கேதான்.

பாம்பன் கரையில் சமதள மணலில் ஒரு வத்தையை (படகை) கயிறு கட்டி இழுக்கிறார்கள். இழுவிசை 800 நியூட்டன், கயிறு தரையோடு 30° சாய்வு, நகர்ந்தது 15 மீட்டர்.

வேலை = விசை × இடப்பெயர்ச்சி × கொசைன் 30° = 800 × 15 × 0.866 = 10,392 ஜூல்.

வத்தை எத்தனை கிலோ இருந்தாலும் புவியீர்ப்பு இங்கே செய்யும் வேலை சுழிதான். அது இழுப்பது கீழே, படகு போவது கிடையாக. எடையை 15ஆல் பெருக்கிவிடாதீர்கள். உராய்வின் வேலைக்கு எதிர்க்குறி போடுங்கள். ஒரு நிமிடத்தில் இழுத்தால் திறன் = வேலை ÷ நேரம் = 10,392 ÷ 60 = 173.2 வாட். நிமிடத்தை நொடியாக்காமல் வகுத்தால் விடை 60 மடங்கு ஊதிவிடும்.

வாலிநோக்கம் உப்பளத்தில் 1000 லிட்டர் கடல்நீரை 20 நொடியில் 2 மீட்டர் ஏற்ற வேண்டுமா? கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 1.025 கிலோ. ஆகவே வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம் = 1025 × 9.8 × 2 = 20,090 ஜூல்; திறன் ஏறத்தாழ 1005 வாட். பம்பின் பயனுறுதிறன் (பம்புக்குக் கொடுக்கும் திறனில் பயன்படும் பங்கு) 50% என்றால் 0.5ஆல் வகுக்க வேண்டும், பெருக்கக் கூடாது: 2009 வாட். அதை 746ஆல் வகுத்தால் 2.7 குதிரைத்திறன் (எச்.பி.). கடையில் 3 எச்.பி. மோட்டாராகக் கேளுங்கள்.