ஒரே சேவையகம், வெவ்வேறு எண்ணிக்கை: மெய்நிகர் சூழலில் மென்பொருள் உரிமங்களைக் கணக்கிடும் முறை

கொழும்பில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம், வரவுசெலவுத் திட்டம் தயாராகும் காலத்தில் கணக்காளர் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "தம்பி, அடுத்த வருடத்துக்கு எங்களுக்கு எத்தனை லைசன்ஸ் தேவை?" அவர் எதிர்பார்ப்பது ஒற்றை எண். மெய்நிகர் இயந்திரங்கள் (ஒரே சேவையகத்துக்குள் தனித்தனிக் கணினிகள் போல இயங்குபவை) ஓடும் சேவையகங்களுக்கு அப்படியோர் ஒற்றை எண் கிடையாது. அதே பெட்டியை ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் தன் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள அலகைக் கொண்டு எண்ணுகிறது. அந்த அலகு தெரியாமல் போடும் கணக்கு எதுவும் சரிவராது.

இந்தப் பாடத்தை நான் படித்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். 2022 இன் தொடக்கத்தில், புறக்கோட்டையில் இயங்கிய ஓர் இறக்குமதி நிறுவனத்துக்காக உரிமக் கணக்கைத் தயாரித்தபோது, திரையில் தெரிந்த லாஜிக்கல் புரொசசர் எண்ணிக்கையைக் கோர் (புரொசசருக்குள் உள்ள கணிப்பு அலகு) எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு கோரும் இரண்டு திரெட்டுகளாக, அதாவது இரண்டு லாஜிக்கல் புரொசசர்களாகத் தெரிந்ததால், தேவையானதைப் போல இரண்டு மடங்கு உரிமங்கள் கொள்வனவுக் கட்டளையில் ஏறிவிட்டன. விலைமனு டொலரில் இருந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த ஒரு டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிவிட்டது. தேவையில்லாத உரிமங்களுக்காக அந்த நிறுவனம் செலுத்திய தொகையை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்தப் பிழை இன்னொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே கணக்கிடும் வரிசையை இங்கே விளக்கமாக எழுதுகிறேன்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில், காலி வீதி ஓரக் கட்டடம் ஒன்றில் அதன் சேவையக அறை உள்ளது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மூன்று சேவையகங்கள், அதாவது ஹோஸ்ட்டுகள், ஒரே கிளஸ்டராக (ஒன்றுக்கொன்று துணைநிற்கும் தொகுதியாக) இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் இரண்டு புரொசசர்கள், ஒவ்வொரு புரொசசரிலும் 12 கோர்கள், அதோடு 3.84 டெராபைட் கொண்ட ஆறு எஸ்.எஸ்.டி. வட்டுகள். மொத்தம் 30 மெய்நிகர் இயந்திரங்கள் ஓடுகின்றன. அவற்றில் 14 விண்டோஸ் சேர்வர், மீதி லினக்ஸ்.

முதற்படி: இரும்பை எண்ணுங்கள்

மென்பொருளைத் தொடுவதற்கு முன் வன்பொருளின் பட்டியலை எழுதுங்கள். ஹோஸ்ட்டின் பெயர், புரொசசர் எண்ணிக்கை, ஒரு புரொசசரில் உள்ள கோர்கள், வட்டுகளின் எண்ணிக்கையும் கொள்ளளவும் ஆகிய இவ்வளவும் ஓர் எக்செல் தாளில் இருக்க வேண்டும். விண்டோஸ் ஹோஸ்ட் என்றால் டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் சாக்கெட் (புரொசசர் பொருந்தும் இடம்), கோர், லாஜிக்கல் புரொசசர் என்று மூன்று வரிகள் தனித்தனியே தெரியும். உங்களுக்கு வேண்டியவை முதல் இரண்டு வரிகள் மட்டுமே. எங்கள் உதாரணத்தில் ஒரு ஹோஸ்ட்டில் சாக்கெட் 2, கோர் 24, லாஜிக்கல் புரொசசர் 48 என்று இருக்கும். நான் அன்று எழுதிக்கொண்டது அந்த மூன்றாவது வரியை. மெய்நிகர் இயந்திரம் ஒன்றின் உள்ளே நுழைந்து அதே பக்கத்தைப் பார்த்தால், அந்த இயந்திரத்துக்கு ஒதுக்கப்பட்டது மட்டும்தான் தெரியும். ஆகவே இந்த எண்ணிக்கையை ஹோஸ்ட்டிலிருந்தே எடுக்க வேண்டும். மூன்று ஹோஸ்ட்டுக்கும் சேர்த்து 72 கோர்கள். இந்த எண்ணைத் தாளின் மேல் வரியில் எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: ஒவ்வொரு பொருளுக்கும் அதன் அலகை எழுதுங்கள்

தாளில் அடுத்த நிரலுக்கு "அலகு" என்று பெயரிடுங்கள். கோர், புரொசசர், மெய்நிகர் இயந்திரம், பயனர், டெராபைட் ஆகியவற்றில் எது என்பதை விற்பனையாளரின் வாய்மொழியைக் கேட்டு நிரப்பாதீர்கள்; நிறுவனம் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தைக் கோப்பிலிருந்து எடுத்து, அது எந்தப் பதிப்புக்குரியது என்று பார்த்து நிரப்புங்கள். அலகு மாறினால் எவ்வளவு மாறும் என்பதைப் பாருங்கள்.

விண்டோஸ் சேர்வர் 2016 முதல் கோர் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு புரொசசருக்குக் குறைந்தது 8, ஒரு சேவையகத்துக்குக் குறைந்தது 16 கோர் உரிமங்கள் வேண்டும். எங்கள் புரொசசர்களில் 12 கோர்கள் இருப்பதால் அந்த எல்லை பாதிக்காது, எண்ணிக்கை 72.

மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் மென்பொருளைத் தயாரிக்கும் விஎம்வெயாரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கிய பின், அதன் சேவையக மென்பொருள் கோர் அடிப்படையிலான சந்தாவாக மட்டுமே விற்கப்படுகிறது. ஒரு புரொசசருக்குக் குறைந்தது 16 கோர் என்று எண்ணப்படும். எங்களிடம் 12 தான் இருக்கிறது என்றாலும் 16 க்கே பணம் கட்ட வேண்டும். ஆறு புரொசசருக்கு 96.

ஆரக்கிள் தரவுத்தளத்தின் என்டர்பிரைஸ் பதிப்பில் கோர் எண்ணிக்கையை ஒரு காரணியால் பெருக்குவார்கள். வழமையான இன்டெல் புரொசசர்களுக்கு அது 0.5. ஆகவே 72 கோர்கள் 36 புரொசசர் உரிமங்களாகின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் பல பொருட்கள் பி.வி.யூ. (புரொசசர் மதிப்பு அலகு) என்ற அலகில் எண்ணப்படுகின்றன. இரண்டு சாக்கெட் கொண்ட இன்டெல் சேவையகங்களில் ஒரு கோருக்கு 70 என்று வைத்தால் 72 கோருக்கு 5,040.

ஒரே மூன்று பெட்டிகளுக்கு 72, 96, 36, 5,040 என்று நான்கு எண்கள் வந்துவிட்டன. நான்கும் சரி. கணக்காளரிடம் இந்த நான்கு வரிகளையும் அலகோடு சேர்த்துக் காட்டினால், அவரும் புரிந்துகொள்வார்.

மூன்றாம் படி: இயந்திரம் எங்கே ஓடுகிறது, எங்கே ஓடக்கூடும்?

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஆகவே இங்கே சற்று நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் சேர்வர் ஸ்டாண்டர்ட் பதிப்பில், ஒரு ஹோஸ்ட்டின் எல்லாக் கோர்களுக்கும் ஒரு முறை உரிமம் வாங்கினால் அந்த ஹோஸ்ட்டில் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டலாம். மேலும் இரண்டு வேண்டுமென்றால் எல்லாக் கோர்களுக்கும் மறுபடியும் ஒரு முறை வாங்க வேண்டும். டேட்டாசென்டர் பதிப்பில் ஒரு முறை வாங்கினால் எத்தனை இயந்திரங்களையும் ஓட்டலாம். லினக்ஸ் இயந்திரங்கள் இந்த எண்ணிக்கையில் சேரா.

எங்கள் 14 விண்டோஸ் இயந்திரங்களும் இன்று 5, 5, 4 என்று மூன்று ஹோஸ்ட்டுகளில் பிரிந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்து, ஹோஸ்ட் ஒன்றுக்கு ஆறு இயந்திரங்களுக்கு வாங்கினால் போதும் என்று முடிவு செய்வது இயல்பு. ஆனால் கிளஸ்டர் என்பதன் பயனே, ஒரு ஹோஸ்ட் நின்றால் அதிலுள்ளவை மற்றவற்றுக்குத் தாமாகப் போய்விடும் என்பதுதான். 2022 இன் நீண்ட மின்வெட்டு நாட்களில், ஜெனரேட்டரின் டீசலை மிச்சப்படுத்த ஒரு ஹோஸ்ட்டை நிறுத்தி, அதன் இயந்திரங்களை மற்ற இரண்டில் ஏற்றி ஓட்டியதை நான் மறக்கவில்லை. அந்தப் பொழுதில் உரிமத் தேவையும் இயந்திரங்களோடு சேர்ந்து இடம்பெயர்கிறது. விண்டோஸ் சேர்வர் உரிமத்தை ஒரு சேவையகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றாலும், பொதுவாக 90 நாட்களுக்கு ஒரு முறைக்கு மேல் அப்படிச் செய்ய முடியாது. காலையில் மாற்றி மாலையில் திருப்புவதற்கு அந்த விதி இடம் தருவதில்லை. எனவே ஒவ்வொரு ஹோஸ்ட்டுக்கும் அதில் ஏறக்கூடிய மிகக் கூடிய எண்ணிக்கைக்கே உரிமம் வேண்டும்.

இப்போது பணக்கணக்கைப் பாருங்கள். 2022 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட பட்டியல் விலை, 16 கோர்களுக்கு ஸ்டாண்டர்ட் 1,069 டொலர், டேட்டாசென்டர் 6,155 டொலர். 24 கோர் கொண்ட ஹோஸ்ட்டுக்கு இதை விகிதமாக உயர்த்தினால், டேட்டாசென்டர் ஏறத்தாழ 9,233 டொலர். ஒரு ஹோஸ்ட்டில் எட்டு விண்டோஸ் இயந்திரங்களுக்கு மேல் ஏறாதபடி கிளஸ்டரில் விதி அமைத்துக் கட்டுப்படுத்த முடியுமானால், ஸ்டாண்டர்டை நான்கு முறை வாங்கினால் போதும். அது 6,414 டொலர். 14 இயந்திரங்களும் ஒரே ஹோஸ்ட்டில் ஏறக்கூடும் என்று விட்டுவைத்தால் ஏழு முறை வாங்க வேண்டும். அது 11,225 டொலரை நெருங்கிவிடும், டேட்டாசென்டரே மலிவு. இந்த விலைகளில், ஒரு ஹோஸ்ட்டில் பத்து இயந்திரங்கள் வரை ஸ்டாண்டர்டும் அதற்கு மேல் டேட்டாசென்டரும் இலாபம். என் தனிப்பட்ட கருத்து, எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் டேட்டாசென்டரை எடுப்பது நல்லது. புதிய இயந்திரம் ஒன்றை உருவாக்க இரண்டு நிமிடம் போதும் என்பதால் எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் போகும். இவை தவிர, சேவையகத்தை அணுகும் பயனர்களுக்கோ சாதனங்களுக்கோ தனி அணுகல் உரிமங்கள் வேண்டும் என்பதையும் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஆரக்கிளில் இதே கேள்வி இன்னும் பாரதூரமானது. நான்கு மெய்நிகர் கோர் கொண்ட ஓர் இயந்திரத்தில் மட்டும் ஆரக்கிள் தரவுத்தளம் இருந்தாலும், விஎம்வெயார் மூலம் செய்யும் பிரிப்பை (ஹோஸ்ட்டின் கோர்களில் சிலவற்றை மட்டும் ஓர் இயந்திரத்துக்கு ஒதுக்குவதை) ஆரக்கிள் உரிமத்தைக் குறைப்பதற்கான வழியாக ஏற்பதில்லை. ஆகவே இரண்டு உரிமம் என்று நீங்கள் நினைத்தது, கிளஸ்டர் முழுவதற்கும் 36 என்று அவர்களால் கேட்கப்படலாம். பிரிப்பு பற்றிய அவர்களின் ஆவணம் தகவலுக்காக மட்டுமே என்று அதிலேயே எழுதப்பட்டிருப்பதால், இறுதி விடை உங்கள் ஒப்பந்த வாசகத்தில்தான் இருக்கிறது. சட்ட ஆலோசகரிடம் காட்டாமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்க வேண்டாம். பாதுகாப்பான வழி, ஆரக்கிளுக்கென்று ஒரு சிறிய தனிச் சேவையகத்தைக் கிளஸ்டருக்கு வெளியே வைப்பது.

ஐபிஎம் நேரெதிர். இயந்திரத்துக்கு ஒதுக்கிய நான்கு கோருக்கு மட்டும், அதாவது 280 பி.வி.யூ. மட்டும், கட்ட அனுமதி உண்டு. ஆனால் அதற்காக ஐ.எல்.எம்.டி. என்ற அளவீட்டுக் கருவியை நிறுவி, காலாண்டுக்கு ஒரு முறையாவது அறிக்கை எடுத்துச் சேமித்து வைக்க வேண்டும். அந்த அறிக்கை இல்லையென்றால் கணக்கு முழுக் கொள்ளளவுக்குத் திரும்பிவிடும். 280 க்கும் 5,040 க்கும் இடையே நிற்பது சேமித்து வைத்த ஒரு கோப்பு.

நான்காம் படி: இயந்திரமாக எண்ணப்படுபவை

மைக்ரோசாஃப்டின் தரவுத்தளமான எஸ்.கியூ.எல். சேர்வரை மெய்நிகர் இயந்திரத்தின் கோர்களைக் கொண்டு எண்ணலாம், குறைந்தது நான்கு. இரண்டு கோர் கொண்ட இயந்திரமானாலும் நான்குக்கு வாங்க வேண்டும். உரிமங்கள் இரண்டு இரண்டாகவே விற்கப்படுவதால் ஐந்து கோர் என்றால் ஆறு. 2022 பதிப்பில் இப்படி இயந்திரவாரியாக எண்ணுவதற்கு சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (உரிமத்தோடு தனியாகக் கட்டணம் செலுத்தி எடுக்கும் மைக்ரோசாஃப்டின் பராமரிப்புத் திட்டம்) அல்லது சந்தா கட்டாயம். சோதனைக்கும் உருவாக்கத்துக்கும் மட்டும் பயன்படும் இயந்திரங்களில் டெவலப்பர் பதிப்பை இலவசமாக நிறுவலாம். பல அலுவலகங்களில் இதைத் தெரியாமல் சோதனை இயந்திரத்துக்கும் பணம் கட்டுகிறார்கள்.

ஐந்தாம் படி: சேமிப்பகத்தின் கொள்ளளவு

வட்டு தயாரிப்பாளர் எழுதும் ஒரு டெராபைட் என்பது 1,000,000,000,000 பைட். உரிம ஆவணங்களில் வரும் டெபிபைட் என்பது 1,099,511,627,776 பைட். டெராபைட்டில் உள்ளதை 1.0995 ஆல் வகுத்தால் டெபிபைட் கிடைக்கும். எங்கள் 18 வட்டுகள் 69.12 டெராபைட்; டெபிபைட்டில் ஏறத்தாழ 62.86. இந்த வகுத்தலை மறந்தால் ஆறு அலகுகளுக்கு மேல் வீணாக வாங்குவீர்கள்.

அடுத்து, எந்தக் கொள்ளளவு? விஎம்வெயாரின் விசான் சேமிப்பகத்தில் உரிமம் வட்டுகளின் மொத்தக் கொள்ளளவுக்கு. ஒவ்வொரு கோப்பும் இரண்டு பிரதிகளாக வைக்கப்படுவதால் பயன்படுத்தக் கிடைப்பது பாதிதான் என்றாலும், எண்ணப்படுவது 62.86 முழுவதும். விஎம்வெயாரின் மென்பொருள் தொகுப்பான கிளவுட் ஃபவுண்டேஷன் சந்தா வைத்திருந்தால் ஒரு கோருக்கு ஒரு டெபிபைட் அதனுடனேயே வரும். 96 கோருக்குக் கட்டியிருக்கிறோம் என்பதால் 96 டெபிபைட் கைவசம் உள்ளது. சேமிப்பகத்துக்கென்று வேறாக வாங்க வேண்டியதில்லை. முதலில் நட்டமாகத் தெரிந்த 16 கோர் விதி இங்கே சிறிது திருப்பித் தருகிறது.

காப்புப்பிரதி மென்பொருள்களில் இன்னொரு வேறுபாடு இருக்கிறது. சில, பாதுகாக்கப்படும் மூலத் தரவின் அளவை எண்ணும். சில, சேமித்து வைத்த பிரதிகளின் அளவை எண்ணும். பத்து டெராபைட் தரவை ஒரு மாதப் பிரதிகளோடு வைத்திருக்கும் அலுவலகத்தில் இரண்டும் வெகுதூரம் விலகிவிடும். வீம் நிறுவனத்தின் பொது உரிமமோ, மெய்நிகர் இயந்திரம் ஒன்றுக்கு ஒன்று, கோப்புப் பகிர்வில் ஒவ்வொரு 500 ஜிகாபைட்டுக்கும் ஒன்று என்று எண்ணும். எங்கள் 30 இயந்திரங்களுக்கு 30, நான்கு டெராபைட் கோப்புப் பகிர்வுக்கு 8, ஆக 38.

ஆறாம் படி: தாளை முடித்துக் கோப்பில் இடுங்கள்

ஒவ்வொரு பொருளுக்கும் அலகு, தேவை, கையிருப்பு, வித்தியாசம் ஆகிய நான்கு நிரல்களும் நிரம்பிய பின், கணக்கெடுத்த திகதியை எழுதி, ஹோஸ்ட்டின் திரைப்பிடிப்பை அச்சிட்டுக் கொள்வனவுச் சிட்டைகளோடு சேர்த்து வையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. உரிமச் சோதனைக்கு யாரேனும் வந்தால் முதலில் கேட்பது இந்தச் சிட்டைகளையே.

வன்பொருளை மாற்றும் யோசனை எழும் நாளில் தாளை மறுபடி திறவுங்கள். எங்கள் ஹோஸ்ட்டுகளின் 12 கோர் புரொசசர்களை நீக்கி 20 கோர் புரொசசர்களைப் போடுவதாக இருந்தால், விண்டோஸ் 72 இலிருந்து 120 ஆகவும், விஎம்வெயார் 96 இலிருந்து 120 ஆகவும், ஆரக்கிள் 36 இலிருந்து 60 ஆகவும் உயரும். புரொசசருக்கான விலைமனுவில் இந்த உயர்வு ஒரு வரியாகக்கூட இருக்காது. ஆகவே கொள்வனவுக் கட்டளை கையொப்பத்துக்குப் போவதற்கு முன் இந்த மூன்று வித்தியாசங்களையும் அதே விலைமனுவின் கீழே உங்கள் கையால் எழுதிக் கணக்காளரிடம் கொடுங்கள்.