டி.ஐ.டி. இழுவைப் படகு: 70 செ.மீ. ரிமோட் மாதிரியைக் கட்டி ஓட்டுவது

முதன்முதலாக இழுவைப் படகு மாதிரி கட்டுகிறவர்களுக்கு டி.ஐ.டி. (TID) என்ற பிரிட்டிஷ் இழுவைப் படகு வகையை விடப் பொருத்தமானது கிடையாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் கப்பல் கட்டும் தளங்களில் வேலை நிரம்பி வழிந்தது. அதனால் கப்பல் கட்டிப் பழக்கமே இல்லாத இரும்புப் பட்டறைகளில் உடலைத் துண்டு துண்டாகச் செய்து, தளத்துக்குக் கொண்டுவந்து பற்றவைத்தார்கள். 1943 முதல் 1946 வரை இப்படி 182 படகுகள் தண்ணீரில் இறங்கின. பழகாத கைக்கும் வேலை வர வேண்டுமே, அதற்காக ஒரே திசையில் மட்டும் வளையும் தகடுகளாலேயே உடலை அமைத்தார்கள். அந்தத் தகடு இருந்த இடத்தில் நாம் பிளைவுட்டை வைத்தால் போதும். பலகைக் கீற்றுகளை ஒவ்வொன்றாக ஒட்டி இழைக்கும் வேலை மிச்சம்.

அசல் படகு 74 அடி நீளம், 17 அடி அகலம். 1:32 அளவில் 70.5 செ.மீ. நீளமும் 16 செ.மீ. அகலமும் வரும்.

மரத்தைத் தொடுமுன் எடை

நீர்க்கோட்டில் (மிதக்கும் படகைத் தண்ணீர் மட்டம் தொடும் கோடு) 66 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 6.5 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் 6,864 கன செ.மீ. ஒரு கன செ.மீ. தண்ணீர் ஒரு கிராம். படகு செங்கல் மாதிரி சதுரமாக இல்லை, அணியமும் (முன்பக்கம்) அமரமும் (பின்பக்கம்) ஒடுங்குகின்றன. ஆகவே 0.55-ஆல் பெருக்குங்கள்: ஏறக்குறைய 3,775 கிராம். எல்லாம் ஏற்றி முடித்த பிறகு படகு எடுக்க வேண்டிய எடை இது. உடல் 800, மோட்டார், ஷாஃப்ட், மின்சாமான்கள் 600, பேட்டரி 780, மேற்கட்டு 350 என்று போனால் மீதி 1,200 கிராமுக்கு மேல் ஈயம் வைக்க இடமிருக்கிறது. இந்த ஈயம்தான் படகை நிமிர்த்திப் பிடிக்கப்போகிறது. மேற்கட்டில் 100 கிராம் கூடினால் அந்த 100 கிராமை அடியிலிருந்து எடுக்க வேண்டி வரும். இரட்டை நட்டம். வேலை நடக்கும்போதே ஒவ்வொரு பாகத்தையும் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்து வையுங்கள்.

உடல்

ஏராவும் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு) வங்குகளும் (குறுக்கே நிற்கும் விலா எலும்புகள்) 3 மி.மீ. பிளைவுட். மொத்தம் ஒன்பது வங்கு போதும். நேரான, முறுக்கில்லாத பலகையில் நடுக்கோடு போட்டு, வங்குகளைத் தலைகீழாக நிறுத்துங்கள். தகடுகள் சந்திக்கும் மடிப்பு விளிம்புகளில் 6 × 6 மி.மீ. ரீப்பர் ஓடும். அதற்கான வெட்டுகளை வங்குகளை நிறுத்துமுன்பே அறுத்துவிட வேண்டும்.

தோலுக்கு 1.5 மி.மீ. பிளைவுட். முதலில் சார்ட் அட்டையை உடலில் சுற்றிக் குறித்து வெட்டிப் பாருங்கள். சரியாக உட்கார்ந்த பிறகு அதை வைத்து மரத்தை வெட்டுங்கள், சுற்றிலும் 3 மி.மீ. கூடுதல் விட்டு. பெரும்பாலோர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். இடப்பக்கத் தகடுகளை எல்லாம் ஒட்டி முடித்துவிட்டு வலப்பக்கம் போனால், அந்தப் பக்கத்து இழுப்பில் ஏரா வாழைப்பழம் போல வளைந்துவிடும். பசை காய்ந்தபின் அதை நிமிர்த்த வழியே இல்லை. படகு கட்டி முடிந்ததும் சுக்கான் நேராக இருக்கும், படகு மட்டும் ஒரு பக்கமே போகும். இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என்று மாறி மாறி ஒட்டுங்கள். ஒவ்வொரு ஜோடிக்குப் பிறகும் அமரத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் ஏராவைப் பார்த்துவிடுங்கள்.

பசை, மெதுவாக இறுகும் எபாக்சி. ஐந்து நிமிட எபாக்சி தண்ணீரில் நாளடைவில் இளகும், தச்சர் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைப் பசை ஒரே நாளில் விட்டுவிடும். வெளியே 100 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 100 கிராம்) கண்ணாடி இழைத் துணி ஒரு அடுக்கு, உள்ளே இரண்டு பூச்சு எபாக்சி. உள்பக்கம்தான் பிறகு கை எட்டாத இடம் என்பதால் அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அணியத்திலும் அமரத்திலும் சேர்த்து 2 லிட்டர் அளவுக்குத் தெர்மோகோல் அடைத்து வையுங்கள். உடலில் தண்ணீர் ஏறினாலும் படகு அடியில் போகாது. பாலியெஸ்டர் ரெசின் தெர்மோகோலைக் கரைத்துவிடும், எபாக்சி கரைக்காது.

ஷாஃப்ட்

4 மி.மீ. துருப்பிடிக்காத எஃகு ஷாஃப்ட், 8 மி.மீ. பித்தளைக் குழாய், இரு முனையிலும் பேரிங், குழாய் நிறைய நீர் புகாத கிரீஸ். குழாயின் உள்முனை நீர்க்கோட்டுக்கு மேலே நிற்குமானால் பாதிக் கவலை தீர்ந்தது. சாய்வு 10 பாகையைத் தாண்டக்கூடாது. தாண்டினால் புரொப்பெல்லர் தண்ணீரைப் பின்னால் தள்ளுவதற்குப் பதில் கீழே தள்ளும்.

மோட்டாரைப் பொருத்தும்போது, அதையும் ஷாஃப்டையும் இணைக்கும் யூனிவர்சல் கப்ளிங்கை எடுத்துவிட்டு, நேரான பித்தளைச் சட்டம் ஒன்றால் மோட்டாரையும் ஷாஃப்டையும் இணைத்து, அந்த நிலையிலேயே மோட்டார் தாங்கியை எபாக்சியில் ஒட்டுங்கள். காய்ந்த பிறகு கப்ளிங்கை மாட்டுங்கள். கப்ளிங் கோணலைத் தாங்கும் என்று நம்பிக் கண்ணளவில் ஒட்டினால் கடகடவென்று சத்தம் வரும், மின்னோட்டம் ஏறும், மேல் பேரிங் தேயும். விரல் நுனியால் தள்ளினால் ஷாஃப்ட் வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும்.

மோட்டாரும் மின்சாரமும்

இழுவைப் படகுக்கு வேண்டியது வேகமல்ல, தள்ளும் பலம். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 6,000 சுற்றுப் போகும் பிரஷ் மோட்டாரை 6 வோல்ட்டில் ஓட்டி, 45 மி.மீ. நான்கு இறக்கைப் புரொப்பெல்லர் போடுங்கள். நிஜத்தில் 8 நாட் போகும் படகின் வேகத்தை 32-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் நொடிக்கு 73 செ.மீ. வரும். நடந்து போகிறவரின் வேகத்தில் பாதி. அதற்கு மேல் விரட்டினால் அணியத்தில் பெரிய அலை எழும்பி, பார்க்கப் பொம்மை போலாகிவிடும்.

6 வோல்ட் 4.5 ஏஎச் சீல்டு லெட் ஆசிட் பேட்டரியைப் படுக்கவைத்து ஏராவை ஒட்டி வையுங்கள். எடை கூடுதல் என்று லித்தியத்துக்குத் தாவ வேண்டாம். எப்படியும் ஈயம் ஏற்றத்தானே போகிறோம், அந்த ஈயம் மின்சாரமும் தரட்டும்.

ஸ்பீட் கன்ட்ரோலரில் இரண்டு கண்ணிகள் உண்டு. கார்களுக்கான பல கன்ட்ரோலர்கள் இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்று எடுத்துக்கொண்டு 6 வோல்ட்டை ஒட்டியே மோட்டாரை நிறுத்திவிடும். லிப்போ அல்லாத முறைக்கு மாற்றுங்கள். இன்னொன்று, குச்சியைப் பின்னால் இழுத்ததும் முதலில் பிரேக், இரண்டாவது இழுப்பில்தான் ரிவர்ஸ் என்ற பழக்கம். கரையை நெருங்கும்போது அந்த ஒரு நொடி போதும், அணியம் மோத. பிரேக் இல்லாத முறை இருக்கும் கன்ட்ரோலரையே வாங்குங்கள்.

ரேடியோவைக் குழப்பும் மின் இரைச்சலை அடக்க, மோட்டாரில் 104 (0.1 மைக்ரோஃபாரட்) கெப்பாசிட்டர் மூன்று: இரு முனைகளுக்கு இடையில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உறைக்கு ஒவ்வொன்று. பேட்டரிக்குப் பக்கத்தில் கார் ஃபியூஸ் 10 ஆம்பியர், புரொப்பெல்லரில் பாசி சுற்றினால் எரிவது மோட்டாரா ஃபியூஸா என்பதை அது முடிவு செய்யும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். ரிசீவர் ஆன்டெனாவை நீர்க்கோட்டுக்கு மேலே, நட்டுக்குத்தாக நிறுத்துங்கள். சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃபை அமைத்துவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

மேலே எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

மேற்கட்டு 1 மி.மீ. பிளாஸ்டிக் தகடு. புகைபோக்கிக்குப் பிவிசி பைப் வேண்டாம், காகிதத்தைச் சுருட்டி எபாக்சி தடவினாலே போதும். மேற்கட்டு கழற்றி மாட்டும் திறப்பைச் சுற்றி 10 மி.மீ. உயர விளிம்பு கட்டாயம். படகின் மேல்தளத்தைச் சுற்றிய கைப்பிடிச் சுவரில் தண்ணீர் வெளியேறும் துளைகளைத் தாராளமாக வெட்டுங்கள். தளத்தில் தேங்கும் தண்ணீர் படகு சாயும் பக்கமே ஓடி, இன்னும் சாய்க்கும்.

தொட்டிச் சோதனை

பெரிய தொட்டியில் இறக்கி, தூண்டில் ஈயத்தையோ பஞ்சர் கடையில் கிடைக்கும் வீல் வெயிட்டையோ ஏராவின் இரு பக்கமும் அடுக்குங்கள். அமரம் அணியத்தை விட 3 முதல் 5 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். இப்போது தளத்து விளிம்பை லேசாக அமுக்கி விட்டு, ஆட்டத்தை எண்ணுங்கள். போய் வருவது ஒரு ஆட்டம். பத்து ஆட்டத்துக்குப் பத்துப் பதினொரு நொடி ஆனால் நன்று. இருபது நொடி ஆனால் படகு தூங்கி வழிகிறது என்று அர்த்தம், ஒரு இழுப்பில் கவிழும். ஈயத்தைக் கீழே இறக்குங்கள், அல்லது மேலே எடையைக் குறையுங்கள். ஆட்டம் சரியான பிறகே ஈயத்தை ஒட்டுங்கள். உப்பு நீரில் ஓட்டினால் அதே நீர்க்கோட்டுக்கு இன்னும் 95 கிராம் போல வேண்டும்.

தண்ணீரில்

சுக்கான் இரு பக்கமும் 35 பாகை. அளவுக்குச் சரியாகச் செய்த சுக்கான் மாதிரிப் படகுக்குப் போதாது, பரப்பைக் கால் பங்கு கூட்டுங்கள். பின்னால் போகும்போது சுக்கான் பேச்சைக் கேட்காது, ஏனென்றால் புரொப்பெல்லர் தள்ளும் நீர் அதன் மேல் விழுவதில்லை. வலச்சுற்றுப் புரொப்பெல்லர் ரிவர்ஸில் அமரத்தை இடப்பக்கம் இழுக்கும். இதைத் தெரிந்துகொண்டால் இடப்பக்கமாகக் கரை அணைவது எளிது. திரும்ப வேண்டுமென்றால் சுக்கானை முழுக்கத் திருப்பி, முன்னே ஒரு சின்னத் தட்டு.

இழுக்கும் கொக்கி நீர்க்கோட்டின் நடுவுக்கு 3 முதல் 5 செ.மீ. பின்னால், முடிந்த அளவு தாழ்வாக. அமரத்தின் கடைசியில் கட்டினால் கயிறு அமரத்தைப் பிடித்துக்கொள்ளும், படகு திரும்பாது. நடுவில் கட்டுவதிலும் ஆபத்து உண்டு. இழுபடும் படகு முந்திக்கொண்டு போனால் கயிறு பக்கவாட்டில் இழுத்து, நொடியில் கவிழ்த்துவிடும். நிஜ இழுவைப் படகுகளில் ஆளைக் கொல்வதும் இதுதான். கொக்கி முளையை ஒரு சின்னச் சர்வோவில் (ரிமோட்டில் அசையும் சிறு மோட்டார்) இணைத்து, தனிச் சுவிட்சில் கழலும்படி செய்யுங்கள். கயிறு 45 பாகையைத் தாண்டிப் பக்கத்துக்கு வருகிறது என்றால் யோசிக்காமல் கழற்றுங்கள்.

ஆகாயத்தாமரையும் அறுந்த வலை நூலும் கிடக்கும் கரையைத் தவிர்த்து இறக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஷாஃப்டில் சுற்றிய நாரை எடுத்து, மேற்கட்டைத் திறந்து காயவைத்து, பேட்டரியை அன்றைக்கே சார்ஜில் போடுங்கள். லெட் ஆசிட்டைக் காலியாக ஒரு வாரம் விட்டால் அடுத்த முறை பாதி நேரம்தான் ஓடும்.