வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களை மோதவிட்டு வாதாடுவது எப்படி?

"அலியா, டைசனா?" என்று தொடங்கும் வாதம் சீக்கிரமே கூச்சலாகிவிடுவதற்கு முக்கியக் காரணம், இருவரும் வேறு வேறு ஆட்களைப் பற்றிப் பேசுவதுதான். ஒருவர் மனதில் இருப்பது 1966-இல் கால் தரையில் பாவாமல் ஆடிய முகமது அலி. மற்றவர் மனதில் இருப்பது 1980-இல் லாரி ஹோம்ஸிடம் பத்து ரவுண்டு அடிவாங்கி மூலையிலேயே உட்கார்ந்துவிட்ட அலி. அதனால் பெயரோடு தேதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டனில் கிளீவ்லாந்து வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த அலியும், 1988 ஜூன் 27 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் சாய்த்த மைக் டைசனும் மோதட்டும்.

தேதி உடல் தகுதியை மட்டுமே குறிக்கிறது. சாட்சியத்தை அந்தச் சண்டையிலிருந்தே எடுக்காதீர்கள். 91 விநாடியில் முடிந்த சண்டையில் டைசனின் ஒரு பலவீனம்கூட வெளியே வராது. அதற்கு முந்தைய ஆண்டு ஜேம்ஸ் ஸ்மித்தும் டோனி டக்கரும் அவரை 12 ரவுண்டு முழுக்க இழுத்தடித்த சண்டைகளைப் பாருங்கள். எவரானாலும் திணறிய இரவில்தான் அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியும்.

அடுத்தது விதிகள். இதைப் பேசி முடிக்காமல் ஆளைப் பற்றிப் பேசவே வேண்டாம். 12 ரவுண்டா, 15 ரவுண்டா? 1941-இல் பில்லி கான் 12 ரவுண்டு முடிவில் ஜோ லூயிஸைவிட மூன்று நடுவர்களின் புள்ளி அட்டைகளில் இரண்டில் முன்னிலை, மூன்றாவதில் சமம். 13-வது ரவுண்டில் லூயிஸ் அவரை வீழ்த்தினார். ராக்கி மார்சியானோவும் 1952-இல் ஜெர்சி ஜோ வால்காட்டிடம் மூன்று அட்டைகளிலும் பின்தங்கியிருந்து 13-வது ரவுண்டில்தான் பட்டம் வென்றார். இன்றைய 12 ரவுண்டு கணக்கில், 49 சண்டையிலும் வெற்றி, தோல்வியே இல்லை என்ற மார்சியானோவின் புகழ்பெற்ற அந்த 49-0 சாதனையே இருந்திருக்காது. பிறகு, விழுந்தவர் எழும்வரை அடித்தவர் ஒதுங்கி நிற்க வேண்டுமா என்பது. 1919-இல் ஜெஸ் வில்லார்ட் எழ எழ, பக்கத்திலேயே நின்று அடித்தார் ஜாக் டெம்ப்ஸி. இன்றைய விதியில் அந்தச் சலுகை அவருக்கு இல்லை. கட்டிப்பிடிப்பதை நடுவர் எவ்வளவு பொறுப்பார் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

எடை விஷயத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். டெம்ப்ஸியும் மார்சியானோவும் ஏறக்குறைய 85 கிலோ. இன்று ஹெவிவெயிட் தொடங்குவதே 90.7 கிலோவுக்கு மேல். "இன்றைய பயிற்சியும் உணவும் கிடைத்திருந்தால் 100 கிலோ ஆகியிருப்பார்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். அது கற்பனை ஆள். அவருடைய வேகம் என்ன, மூச்சு எத்தனை ரவுண்டு தாங்கும் என்று சொல்ல ஒரு சண்டைப் படமும் கிடையாது. இருந்த எடையிலேயே கொண்டுவாருங்கள். அதே சமயம், எடையை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதவும் கூடாது. வில்லார்ட் டெம்ப்ஸியைவிட 26 கிலோ கூடுதல், ஆனாலும் தோற்றார். 2024 மே மாதம் உக்ரைன் வீரர் உசிக்கிடம் தோற்ற டைசன் ஃப்யூரி 17 கிலோ கூடுதல். உயரமானவருக்கு நீளமான ஜாப் (முன்கையால் நேராக நீட்டும் குத்து) இருக்கிறதா, கட்டிப்பிடித்துத் தன் பாரத்தை எதிராளி மேல் சாய்க்கத் தெரியுமா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தக் கிலோக்களால் பயனில்லை.

"இவர் அவரை அடித்தார், அவர் இன்னொருவரை அடித்தார், ஆகவே..." என்ற சங்கிலி ஹெவிவெயிட்டில் நிற்காது. ஜோ ஃபிரேசர் 1971-இல் அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃபிரேசரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை தரையில் போட்டார். அதே ஃபோர்மனை 1974-இல் அலி எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். அலியின் தாடையை உடைத்த கென் நார்டன் ஃபோர்மனிடம் இரண்டு ரவுண்டுகூடத் தாங்கவில்லை. பாணிக்குப் பாணிதான் கணக்கு.

பாணியைப் படத்தில்தான் கண்டுபிடிக்க வேண்டும். வர்ணனையின் ஒலியை நிறுத்திவிடுங்கள். ஒரு ரவுண்டு முழுக்க ஒருவருடைய ஒரு கையை மட்டும் பாருங்கள்: ஜாப் போன பிறகு அது எங்கே திரும்புகிறது? இளம் லூயிஸின் இடது கை ஜாபுக்குப் பின் தாழ்வாகத் திரும்பும். மாக்ஸ் ஷ்மெலிங் அதைப் படத்தில் கவனித்து, 1936-இல் அந்த இடைவெளியில் வலது கையை இறக்கியே 12-வது ரவுண்டில் வென்றார். இரண்டாவது பார்வையில் கால்களை மட்டும் பாருங்கள். ஒலியில்லாக் காலத்துப் படங்களில் ஒரு எச்சரிக்கை: வெட்டில்லாத ஒரு ரவுண்டு 3 நிமிடத்துக்குப் பதில் 2 நிமிடம் 15 விநாடியில் முடிந்தால் படம் வேகமாக ஓடுகிறது என்று அர்த்தம். 0.75 வேகத்தில் பாருங்கள். டெம்ப்ஸியின் கை மின்னலாகத் தெரிவதில் பாதி இந்தக் கோளாறு.

கணினி சொன்னது என்று யாராவது ஆதாரம் காட்டினால் 1970-ஐ நினைவூட்டுங்கள். அலியும் மார்சியானோவும் படப்பிடிப்புக்காக மோதி, கணினி முடிவு என்று திரையிடப்பட்டது. அமெரிக்காவில் மார்சியானோ வென்றார், ஐரோப்பாவுக்குப் போன பிரதியில் அலி வென்றார்!

தீர்ப்பை "அவர்தான் ஜெயிப்பார்" என்று சொல்லாமல், எந்த ரவுண்டில், எந்தக் குத்தால், பத்துக்கு எத்தனை முறை என்று சொல்லுங்கள். நாம் எடுத்த ஜோடியையே பார்ப்போம். அலி தலையைப் பின்னால் இழுத்துத் தப்புபவர். அப்படி இழுக்கையில் இடது ஹூக் (பக்கவாட்டில் வளைந்து வரும் இடது கைக் குத்து) பிடித்துவிடும். 1963-இல் ஹென்றி கூப்பரும் 1971-இன் 15-வது ரவுண்டில் ஃபிரேசரும் அவரைத் தரையில் போட்டது அதே குத்தால். டைசனின் சிறந்த ஆயுதங்களில் ஒன்றும் அதுதான். முதல் நான்கு ரவுண்டு அலிக்கு உயிர்போகும் ஆபத்து. ஆனால் யாராவது கட்டிப்பிடித்தால் டைசன் பெரும்பாலும் நடுவர் பிரித்துவிடும்வரை காத்திருப்பார். ஸ்மித் அதைச் செய்தே 12 ரவுண்டு தாக்குப்பிடித்தார். ஜாபைத் தாண்டி வரும் ஒவ்வொரு முறையும் அலி கழுத்தைப் பிடித்து அமுக்குவார். ஐந்தாவது ரவுண்டுக்குப் பிறகு டைசனின் தலையசைவு குறையும், ஜாப் முகத்தில் விழத் தொடங்கும். என் கணக்கில் பத்துக்கு ஏழு அலி, பெரும்பாலும் 11-வது ரவுண்டு வாக்கில். பிடிப்பதற்குப் புள்ளி வெட்டும் கறாரான நடுவர் என்றால் பத்துக்கு ஐந்துதான்.