உவரிக் காற்றும் ஜன்னல் கம்பியும்

பாளையங்கோட்டையிலிருந்து கடலோர ஊரான உவரிக்குக் குடிவந்த ஏழாம் மாதமே ஜன்னல் கம்பியில் துரு பொரிந்துவிட்டது. உடனே பெயிண்ட் டப்பாவைத் தூக்கினேன். "முதல்ல கழுவுங்க மாப்ள, உப்பு மேல பெயிண்ட் நிக்காது" என்றார் மாமா. கேட்கவில்லை. மூன்று மாதத்தில் பெயிண்ட் அப்பளம் போல உப்பிக்கொண்டு வந்தது.

இப்போது செய்வது இப்படி. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். அப்புறம் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும், அதனால் குடிதண்ணீரில் ஒரு குடம் போகும், வீட்டுக்காரி முறைப்பாள். வெயிலில் முழுக்கக் காய்ந்ததும் அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி சும்மா விட்டாலும் உப்பு மறுபடி படியும். மறுநாள் எனாமல் இரண்டு கோட். முதல் கோட் காய்ந்த பிறகே அடுத்தது. கம்பி கட்டைக்குள் இறங்கும் அடிமுனையில்தான் துரு தொடங்கும், அங்கே சின்ன பிரஷ்ஷால் பூசுங்கள்.

கதவுக் கீலுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்குரூதான். இறுகிப்போன பழைய ஸ்குரூவில் மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். தாழ்ப்பாளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், எறும்பு வரும்.