பஞ்சுப் பொதியாய்த் தெரிந்த இரட்டை விண்மீன்: என் அனுபவம்

நாகர்கோவிலில் எங்கள் மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தி, மார்ச் மாத நள்ளிரவில் தென்வானில் 19 பாகை உயரமே ஏறும் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தின் அக்ரக்ஸைப் படமெடுத்தபோதெல்லாம், 4 விகலை இடைவெளியில் நிற்கும் அந்த இரட்டை விண்மீன் ஒரே பஞ்சுப் பொதியாகவே பதிந்தது. ஒரு விகலை என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு. என் கருவி 0.6 விகலை வரை பிரித்துக் காட்ட வல்லது. தொலைநோக்கியின் ஆடியில்தான் கோளாறு என்று நம்பி, அதைத் திருகித் திருகியே ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

பின்னர் கண்ணால் உற்றுநோக்கியபோது, ஓடைக்கடியில் கிடக்கும் கூழாங்கல்போல் விண்மீன் நெளிவதைக் கண்டேன். பகல் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் இரவில் அந்தச் சூட்டைக் கக்கி, மேலிருந்த காற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. கருவியை வயலோரப் புல்தரைக்கு மாற்றி, ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டதில் பாதி நெளிவு அடங்கியது.

மீதிக்கு, 1978இல் ஒளியியல் அறிஞர் டேவிட் ஃபிரைட் கணக்கிட்டுக் காட்டிய வாய்ப்பையே நம்பினேன்: மிகக் குறுகிய நேரப் படங்களில் சில, காற்று தற்செயலாகச் சீராக இருக்கும் கணத்தில் பதிந்துவிடும். அடிவானத்தருகே காற்று பட்டகம்போல் நிறங்களைப் பிரிப்பதால் சிவப்பு வடிகட்டியைப் பொருத்தி, 10 மில்லிவிநாடி வீதம் 5,000 படங்கள் எடுத்து, கூர்மையான 250ஐ மட்டும் பொறுக்கி, ஒளிமிகுந்த புள்ளியை மையமாக வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசிய இரவுகளில் இதுவும் பலிக்கவில்லை. கருவியை மூடிவிட்டு உறங்கப் போனேன். காற்று அடங்கிய மூன்றாம் இரவில், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே கறுப்புக் கோடு தெளிவாக விழுந்திருந்தது.